முதல் தள்ளு வெளியிலிருந்து வந்தால்?

நேற்று மாலை மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் வழக்கமான ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் கைப்பேசியில் காணொளி ஒன்றைக் காட்டினார். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 33 மீட்டர் அகலத்தில் ஓர் இரும்புக் கூடம். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நீண்ட கை ஒன்று எறிபொருளைச் சுழற்றிச் சுழற்றி, சட்டென்று வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது. ஸ்பின்லாஞ்ச் என்ற நிறுவனம் 2021 அக்டோபரில் தொடங்கிய சோதனை அது. "ராக்கெட் இருக்கும்போது கவண் எதற்கு? பணத்துக்குப் பிடித்த கேடு" என்றார் நண்பர். மேசையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். என்னால் முடியவில்லை. அங்கே பொறுமையாகப் பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

விண்வெளி என்றதும் உயரத்தையே நினைக்கிறோம். உயரத்தைவிடப் பெரிய பாடு வேகம். பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் கீழே விழாமல் இருக்க விநாடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். நம் ஊரிலிருந்து ஈப்போவுக்கு நான்கு விநாடி! அந்த வேகத்துக்கு எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள், அதையும் தூக்க இன்னும் கொஞ்சம். இந்தக் கொடுமையான கணக்கை ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி 1903இலேயே எழுதி வெளியிட்டுவிட்டார். 1969இல் நிலவுக்குப் புறப்பட்ட சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எடை சுமார் 2,900 டன். மூன்று பேரோடு கடலில் வந்து இறங்கிய கலம் ஐந்து டன்கூட இல்லை. பத்து டன் செம்பனைக் குலையோடு புறப்பட்ட லாரி, மில்லில் ஒரே ஒரு குலையை இறக்கிவிட்டு நின்றால் எப்படி இருக்கும்? ராக்கெட் அப்படிப்பட்ட வண்டி. அதைவிட நல்ல வண்டி நம்மிடம் இல்லை என்பதால்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வேறு வழி தேடுகிறவனைப் பார்த்து எப்படிச் சிரிக்க முடியும்?

நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறவன். சில மாதங்களுக்கு முன் வெளியூரில் நடந்த நீர் ராக்கெட் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டிருந்தோம். ஒன்றரை லிட்டர் பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப், வாயில் ரப்பர் தக்கை. பம்பால் அடைத்த காற்று தண்ணீரைக் கீழே பீய்ச்சித் தள்ள, பாட்டில் மேலே பாயும். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஐயா, முதல் தள்ளு வெளியிலிருந்து வந்தால், உள்ளே தண்ணீர் குறைவாக இருந்தாலும் போதும்தானே?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சியோல்கோவ்ஸ்கியின் கணக்கை அவள் படித்ததில்லை. கையில் கனத்த தண்ணீரே அவளுக்கு அதைச் சொல்லியிருக்கிறது. மறுநாள் பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் வெட்டி, இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டி, பாட்டிலை அதில் இழுத்து விடும்படி ஒன்றைச் செய்து கொண்டுவந்தாள். போட்டியன்று நடுவர்கள் விதியைக் காட்டி அதை ஒதுக்கிவிட்டார்கள். விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அருகில் வந்து அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே, அந்த வலி இன்னும் ஆறவில்லை.

அவள் கேட்டதைத்தான் நியூ மெக்சிகோவிலும் கேட்கிறார்கள். சுழலும் கை முதல் வேகத்தைக் கொடுக்கட்டும், மிச்சத்தை உள்ளே இருக்கும் சின்ன ராக்கெட் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் திட்டம். குறையும் பெரிது. சுழலும்போது பொருளின் மேல் அதன் எடையைப் போல 10,000 மடங்கு வரை விசை விழும். அதில் மனிதன் போகவே முடியாது. ஆனால் 2022இல் நடந்த பத்தாவது சோதனையில் நாசாவின் கருவியும் பறந்தது. மின்னணுக் கருவிகள் அந்த விசையைத் தாங்குமா என்பது கேலி பேசித் தீரும் கேள்வி இல்லை, சுழற்றிப் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

இதற்கு முன்னும் ஒருவர் முயன்றார். கனடாவின் பொறியாளர் ஜெரால்ட் புல், கடற்படைப் பீரங்கிக் குழாய்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி வானத்தை நோக்கிச் சுட்டார். 1966 நவம்பரில் அரிசோனாவின் யூமாவில் ஒரு குண்டு 180 கிலோமீட்டர் உயரம் போனது. போய்விட்டுக் கீழே விழுந்தது. பக்கவாட்டு வேகம் இல்லாவிட்டால் உயரம் எவ்வளவு இருந்தாலும் விழுந்துதான் ஆக வேண்டும். அடுத்த ஆண்டு பணம் நின்றது. ஆனாலும் பார்படோஸிலிருந்து அவர் சுட்ட குண்டுகள் மேல்வானத்துக் காற்றோட்டத்தை அளந்து கொடுத்தன. அதை வீண் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

வினோதமான வழி எல்லாம் நல்ல வழி என்றும் நான் சொல்லவில்லை. அணுகுண்டுகளை ஒவ்வொன்றாக வெடித்து அந்த உந்துதலில் விண்கலத்தை ஓட்ட 1958இல் ஓரியன் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அது கைவிடப்பட்டதில் எனக்கு நிம்மதிதான். நிலநடுக்கோட்டிலிருந்து விண்வெளி வரை கயிறு கட்டி மின்தூக்கியில் ஏறும் யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஜப்பானின் ஒபயாஷி நிறுவனம் 2012இல், 2050க்குள் கட்டலாம் என்று 96,000 கிலோமீட்டர் கயிற்றுக்குக் கணக்குப் போட்டது. ஆனால் 2013இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தினர் பெரும்பாடுபட்டு வளர்த்த, அந்தக் கயிற்றுக்கு ஏற்ற வலு உள்ளதென்று நம்பும் மிக மெல்லிய கார்பன் இழையான கார்பன் நானோகுழாயின் நீளம் அரை மீட்டரைச் சற்றே தாண்டியது. ஆகவே கயிற்றை இப்போதே கட்டப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அரை மீட்டரை ஒரு மீட்டர் ஆக்கக் கேட்டால் கொடுங்கள். என் அளவுகோல் இதுதான். தோற்றாலும் எங்கே தோற்றோம் என்று காட்டும் முயற்சியா, அல்லது வெறும் படமா?

நம் கண்முன்னே ஒரு சாட்சி இருக்கிறது. கோலா கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அப்போது காப்பிதான் பயிர். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி, மரத்தை வெட்டிச் சிதைக்காமல் பட்டையை மெல்லிசாகச் சீவினால் திரும்பத் திரும்பப் பால் வரும் என்று கண்டுபிடித்து, விதையைத் தோட்டக்காரர்களிடம் திணித்தார். பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற தோட்டக்காரர் துணிந்து நட்டார். அந்தச் சீவலில்தான் என் அம்மாவின் முப்பது ஆண்டு போனது. நெற்றியில் விளக்கு, கத்தி நுனியில் காகிதக் கனத்துக்குப் பட்டை. ஒரு மயிரிழை ஆழம் போனால் மரத்துக்குக் காயம், கங்காணியின் ஏச்சு. அந்த ரப்பரில் கொழுத்தவர் யார், தேய்ந்தவர் யார் என்பது எனக்குத் தெரியாத கணக்கில்லை, அதைத் தனியாக எழுதுவேன். ஆனால் ரிட்லியின் வழி நடக்காது என்றவர்கள் மரத்தைச் சீவிப் பார்க்காமலே சொன்னார்கள்.

"தோட்டத்து லயத்து வீடே சொந்தமில்லை, உனக்கு விண்வெளியா" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2009 ஜூலை 14 அன்று நிலத்தைப் படமெடுக்கும் நம் மலேசியச் செயற்கைக்கோளான ராசாக்சாட் பசிபிக் தீவிலிருந்து பால்கன் 1 ராக்கெட்டில் ஏறியது. அதற்கு முன் மூன்று முறை தொடர்ந்து தோற்ற ராக்கெட் அது. நம் வானில் மேகம் அதிகம் என்பதால், மற்றவர்களைப் போல துருவத்துக்குத் துருவம் ஓடாமல், நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றி ஒரே நாளில் பல முறை நம்மைக் கடக்கும் பாதையை அதற்குத் தேர்ந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டில் அது செயலிழந்தது. அந்தத் தோல்வியையே பேசுகிறோம், அந்தப் பாதையை யோசித்த மூளையைப் பேசுவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே கோபம் தருகிறது.

அந்த மாணவி இப்போது சனிக்கிழமைகளில் பள்ளித் திடலுக்கு வருகிறாள். மூன்று முறை விட்டுப் பார்த்தோம். அவளுடைய நோட்டில் மூன்று வரி இருக்கிறது. முதல் வரி: டியூப் முடிச்சில் அறுந்தது. இரண்டாவது: தக்கை முன்னதாகவே கழன்றது, ஐயா முழுக்க நனைந்தார். மூன்றாவது: இடது டியூப் வலதைவிட இரண்டு விரல் நீளம், அதனால் பாட்டில் செம்பனைப் பக்கம் போனது. நான்காவது வரியில் வரும் சனிக்கிழமையின் தேதியை மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.