பார்வை கண்ணோடு முடிவதில்லை
கண்ணை ஒளிப்படக் கருவியோடு ஒப்பிடும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; பார்வையில் மூளையின் பங்கை அது ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழிப் பகுதியில் விழும் பிம்பம் மட்டுமே கூர்மையாகத் தெரியும் என்பதால், கண்கள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவித் தாவி நோக்க, அத்துண்டுகளை மூளைதான் ஒரே காட்சியாக இணைக்கிறது. இதைவிட முக்கியமானது, அத்திறனைக் குழந்தைப் பருவத்திலேயே மூளை பழகியாக வேண்டும் என்பது. நரம்பியல் ஆய்வாளர்களான டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் (1981இல் நோபல் பரிசு பெற்றவர்கள்) பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து ஆராய்ந்தபோது, பின்னர் திறக்கப்பட்ட அக்கண் பழுதின்றி இருந்தும், மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) செல்கள் பெரும்பாலும் அதற்குச் செவிசாய்க்கவில்லை. சோம்பல் கண் (மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை மங்கிய கண்) உள்ள பிள்ளைகளுக்கு, நல்ல கண்ணை மறைத்து மற்றதைப் பழக்கும் சிகிச்சையைச் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய இச்செய்தியைக் கட்டுரையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.