முதலில் பதிவேட்டைத் திறவுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஒரு சாமி சிலை திரும்பி வந்தால் நம் ஊர் டிவியிலும் முகநூலிலும் இரண்டு நாளைக்குக் கொண்டாட்டம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் செய்திகள் ஒரே வரியில் தாண்டிப் போய்விடும் ஒரு விஷயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது நம் ஊர்ச் சிலைதான் என்று எதை வைத்து நிரூபித்தார்கள்?

கும்பகோணம் பக்கத்தில் சுந்தரப்பெருமாள் கோயில் என்ற ஊர். அங்கே இருந்த திருமங்கையாழ்வார் திருமேனியை ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் சோத்பீஸ் ஏலத்தில் வாங்கியது. அரை நூற்றாண்டு காலம் யாரும் எதுவும் கேட்கவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத் தொகுப்பில், வாளும் கேடயமுமாக அதே ஆழ்வார் கோயிலில் நிற்கும் 1957-ஆம் வருடப் படம் ஒன்று இருந்தது. ஓர் ஆய்வாளர் அதைச் சுட்டிக்காட்டிய பிறகு, 2019-இல் அந்த அருங்காட்சியகமே லண்டன் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. 2024 மார்ச்சில் திருப்பிக் கொடுக்கப் பல்கலைக்கழகம் சம்மதித்தது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் கதையும் இதுதான். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கூடவே வந்த போலிக் காகிதங்களைப் பொய்யாக்கியதும் அதே புதுச்சேரித் தொகுப்பில் இருந்த பழைய படம்தான். 2014-இல் நடராசர் வீடு திரும்பினார்.

இரண்டு படங்களையுமே திருட்டைக் கண்டுபிடிக்க என்று யாரும் எடுக்கவில்லை. சிற்பக் கலை ஆராய்ச்சிக்காக எடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில், என்ன சாமி, எந்த வருஷம் என்று குறித்து, ஒரு எண் கொடுத்து அடுக்கி வைத்தார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு நடராசரின் அழகான படம், அவ்வளவுதான். மீட்பில் பங்கெடுத்த அதிகாரிகளின் பெயர்கள் நமக்குத் தெரியும். அந்தக் குறிப்பை எழுதிய கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கையின் மேல்தான் பெரிய மரியாதை.

நானும் கொஞ்ச காலம் ஒரு அருங்காட்சியகத்தில் ஆவணப் பணியில் இருந்தவன். வரவுப் பதிவேடு என்பார்கள், தடித்த அட்டை போட்ட நீள நோட்டு. ஒரு பொருள் உள்ளே வந்ததும் அதற்கு ஒரு எண் விழும். என்ன பொருள், எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, என்ன அளவு, எந்த நிலையில் வந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அந்த எண்ணைப் பொருளின் மேலும் எழுத வேண்டும். பின்னால் எடுக்கக்கூடிய மாதிரி பாரலாய்டு பி-72 என்ற பிசினை ஒரு கோட் பூசி, அதன் மேல் மையால் எழுதி, மறுபடி ஒரு கோட். துணியாக இருந்தால் எண் எழுதிய பருத்தி நாடாவை லேசாகத் தைப்போம். கேட்க எளிதான வேலை. இதைத்தான் உலகம் முழுக்கச் செய்யாமல் விடுகிறார்கள்.

நான் பார்த்த நோட்டில் பொருள் விவரம் என்ற கட்டத்தில் 'உலோகச் சிலை - 1' என்று இருக்கும். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் 'மேற்படி'. அதற்குக் கீழே மேற்படி, மேற்படி என்று பக்கம் முழுக்க. முதல் வரியில் ஊர் பெயர் இருந்த முந்தைய பக்கம் நைந்து கிழிந்துபோனால், அந்த அத்தனை பொருளும் ஊர் இல்லாத அனாதை. நம் நாட்டில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைப்பது, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே, கலெக்டருக்குத் தெரிய வேண்டும். தாசில்தார், கலெக்டர் வழியாகத்தான் ஏராளமான செப்புத் திருமேனிகள் அருங்காட்சியகங்களுக்கு வந்தன. அங்கே ஊர் பெயர் ஒழுங்காகப் பதிந்ததால்தான் சில அதிசயங்கள் நடந்தன. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் நிற்கும் ரிஷபவாகன தேவர், அதாவது காளையின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கும் சிவன், திருவெண்காட்டில் கிடைத்தது என்று தெரிந்ததால், அந்த ஊர்க் கோயில் கல்வெட்டோடு பொருத்தி, ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1011-ஐ ஒட்டியது என்று சொல்ல முடிகிறது. காளை இல்லாமல் கை மட்டும் சாய்ந்து நிற்கும் அந்த அழகை யாரும் ரசிக்கலாம். ஆனால் வருஷத்தைச் சொல்லித் தருவது ஊர் பெயர்தான்.

பதிவேடு எழுதுவது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த அலுவலக வேலை என்று நினைப்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும். ராஜராஜனும் அக்கன் குந்தவையும் தேவிமாரும் அதிகாரிகளும் கொடுத்த திருமேனி ஒவ்வொன்றுக்கும் பாதத்திலிருந்து கேசம் வரை எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கை, கெட்டியாக வார்த்ததா, உள்ளே கூடாக விட்டதா என்று எழுதியிருக்கிறது. பொன்னை ஆடவல்லான் என்ற கல்லாலும், நகைகளைத் தட்சிணமேருவிடங்கன் என்ற கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். சரடு நீக்கி எடுத்த எடை என்று தனியாகக் குறித்திருக்கிறார்கள். நூலின் எடை கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார்! அந்தத் திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. என்னவெல்லாம் இருந்தன என்று நமக்குத் தெரிவதே அந்தக் கணக்கால்தான்.

சரி, நம்மூரில்தான் இப்படி என்றால் அதுவும் இல்லை. 1753-இல் தொடங்கிய பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 80 லட்சம் பொருள்கள். பார்வைக்கு இருப்பது சுமார் 80,000 மட்டும். 2023 ஆகஸ்டில், ஸ்டோரில் இருந்தவை திருடு போனதாகவும் சேதமானதாகவும் அவர்களே அறிவித்தார்கள். கிட்டத்தட்ட 2,000 பொருள்கள். பெரும்பாலும் சின்னச் சின்ன செதுக்கு மணிக்கற்களும் நகைகளும். அவற்றில் நிறைய, பட்டியலில் முறையாக ஏறவே இல்லை, படமும் இல்லை. இட்டாய் கிராடெல் என்ற டென்மார்க் வியாபாரி ஈபேயில் விற்பனைக்கு வந்தவற்றைப் பார்த்து 2021-இலேயே எச்சரித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. பட்டியல் இல்லாத இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? விஷயம் வெளியே வந்தபின் இயக்குநர் பதவி விலகினார். அப்புறம் 24 லட்சம் பதிவுகளை ஐந்து வருஷத்தில் ஏற்றவும் திருத்தவும் போவதாக நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள். செலவு சுமார் 1 கோடி பவுண்டு.

நம் பக்கம் 'டிஜிட்டல் ஆக்குகிறோம்' என்றால் பளிச்சென்று படம் எடுத்து ஒரு இணையதளம் திறப்பது என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மையான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. திருவெண்காட்டை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்றைத் தேடினால் மற்ற மூன்றும் வராது. 3-12 என்ற பதிவு எண்ணை எக்ஸெல் தன் பாட்டுக்குத் தேதியாக்கிவிடும். அதில் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தினால் ஆழ்வாரின் உயரம் அம்மனுக்குப் போய்விடும். பழைய காப்பாட்சியர் எழுதிய குறிப்பு தப்பாகத் தோன்றினாலும் அதை அழிக்கக் கூடாது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று பக்கத்தில் சேர்க்க வேண்டும். கண்காட்சிக்கு எடுத்த பொருளை வேறு அலமாரியில் வைத்தால் அன்றைக்கே இடத்தை மாற்றி எழுத வேண்டும். இதையெல்லாம் ஆறு மாத ஒப்பந்தத்துக்கு எடுத்த டேட்டா என்ட்ரி பிள்ளைகளிடம் தள்ளிவிட்டு, புதுக் கட்டடத்துக்கும் விளக்குக்கும் கோடிகளை ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு அருங்காட்சியகத்துக்கும் பதிவாளர் என்று ஒரு நிரந்தரப் பணியிடம் வேண்டும். தொல்லியல் தெரிந்தவராகவும், தமிழ்க் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, பதிவேட்டில் இருந்து அலமாரிக்கும், அலமாரியில் இருந்து பதிவேட்டுக்கும் இரண்டு பக்கமும் சரிபார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால், பதியாமல் கிடப்பது கடைசி வரை தெரியவே தெரியாது.

பட்டியலைப் பொதுவில் போட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகிவிடும் என்று ஒரு வாதம் எப்போதும் வரும். பிரிட்டிஷ் மியூசியத்தில் போனது பெரும்பாலும் பட்டியலில் இல்லாதவைதான். பட்டியலில் இருக்கும் பொருளை விற்பதுதான் கஷ்டம். எந்த ஏலக் கம்பெனிக்காரரும், ஆய்வாளரும், அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளையும்கூட அடையாளம் கண்டு சொல்லிவிட முடியும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் அருங்காட்சியகங்களுக்காக உருவாக்கிய ஜதன் மென்பொருளை வைத்து தில்லி தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம் போன்றவை ஏற்கெனவே பொருள்களை இணையத்தில் போட்டிருக்கின்றன. ஸ்டோர் அறை எண், அலமாரி, காப்பீட்டு மதிப்பு, கொடுத்தவரின் விலாசம் இவற்றை மறைத்துவிடுங்கள். பதிவு எண், படம், அளவு, கிடைத்த ஊர், வந்த வருஷம் இந்த ஐந்தும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லோரும் தேடுகிற மாதிரி இருக்கட்டும். மாவட்ட அருங்காட்சியகங்களில் இருந்தே தொடங்கலாம். அங்கே பொருள்கள் குறைவு, அந்த ஊர் பெயர்களை உச்சரிக்கத் தெரிந்தவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.