வாட் கம்மின்னா ஷாக் அடிக்காதா?

"எல்இடி பல்பு வெறும் 9 வாட்தான், ஷாக் அடிக்காது, பாத்ரூமுக்குச் சாதா ஹோல்டரே போதும்"னு மேலே ஒரு அண்ணன் போட்டிருக்காருங்க. அது தப்புங்ணா. வாட்டுங்கறது பல்பு எவ்வளவு மின்சாரம் செலவழிக்குதுங்கற கணக்கு. ஹோல்டர் வரைக்கும் வர்றது அதே 230 வோல்ட்தான். அதைக் குறைக்கிற டிரைவர்ங்கற சர்க்யூட் பல்புக்குள்ளதான் இருக்கு. மலிவு பல்புல பெரும்பாலும் அந்த டிரைவர் மெயின் லைனிலிருந்து பிரிஞ்சிருக்காது. மூடி கழண்டுட்டா உள்ள இருக்கற சிப்பைத் தொட்டாலே அடிக்கும்.

இதுல நம்ம பக்கம் போர்வெல் உப்புத் தண்ணி வேற. பொடக்காளில, அதான் வீட்டுப் பின்பக்கம் குளிக்கற இடத்துல, அடுப்பு வெச்சுத் தண்ணி காய வைக்கிற வீடுகள்ல அந்த ஆவி பட்டு ஹோல்டர் பித்தளை எப்படிப் பச்சை பூத்துக் கிடக்குதுன்னு கழட்டிப் பாருங்க, தெரியும். மெயினை அணைச்சுட்டுத்தான்!

லைட் வாங்கறப்ப அட்டையில ஐபி எண்ணைப் பாருங்க, தூசியும் தண்ணியும் உள்ள போகாம எவ்வளவு தடுக்கும்னு சொல்றது அது. ரெண்டாவது இலக்கம்தான் தண்ணிக்கு. ஐபி20ன்னா தண்ணிக்குப் பாதுகாப்பே இல்லை. ஐபி44 எந்தப் பக்கம் தெறிச்சாலும் தாங்கும். ஷவர் பக்கத்துல ஐபி65 போட்டுக்கறது நல்லது. சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும்.

"எம்சிபி இருக்கே"ன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். போர்டுல தானா விழற அந்த சுவிட்ச் ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தாங்க விழும். ஆள் மேல கசியற கரண்டுக்கு, கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வேணும்.

மஞ்ச லைட்டா வெள்ளையாங்கறது அவங்கவங்க இஷ்டம். சவரம் பண்ற கண்ணாடிக்கு மட்டும் 4000 கெல்வின் பக்கம், அதாவது மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவுல இருக்கற நிறமா, பார்த்து வாங்குங்க.