ஆஃபரும் கூறும்

விலைவாசியைத் திட்டாத வீடு வேலூரில் கிடையாது. அதே வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் அழுகின கொத்தமல்லி, பூஞ்சை பிடித்த தக்காளி, என்றைக்கு வைத்தது என்றே தெரியாத சாம்பார். விலை ஏறியது உண்மை, திட்டுவதும் நியாயம். ஆனால் காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போடுகிறோமே, அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

இதில் பாதிப் பழி மலிவின் மேல்தான். ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று சூப்பர் மார்க்கெட்டில் எழுதியிருந்தால் கை தானாகப் போகிறது. சாயங்காலம் நேதாஜி மார்க்கெட் பக்கம் போனால் கூறு கட்டின தக்காளி கூப்பிடும். அன்றைக்கே தொக்கு செய்ய ஆள் இருந்தால் லாபம்தான். இல்லையென்றால் 40 டிகிரியைத் தாண்டும் நம்ம ஊர் கோடையில் கனிந்த தக்காளி மறுநாள் தாங்காது. காலையில் உழவர் சந்தைக்குப் போய் கால் கிலோ, அரை கிலோ என்று வாங்குவதே மேல். பலகையில் விலை எழுதியிருக்கும், பேரம் பேசும் வேலையும் மிச்சம்.

கௌரவம் பார்த்து ரேஷன் கடைப் பக்கமே போகாதவர்களையும் பார்க்கிறேன். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ரேஷன் புழுங்கலரிசியை நன்றாகக் கழுவி ஊறவைத்து அரைத்தால் இட்லி அருமையாக வரும். இதில் என்ன கௌரவக் குறைச்சல்?

நாம் திட்டுகிற வெயில் ஒரு விதத்தில் நமக்குச் சொத்து. இலவம்பாடிக் கத்திரிக்காய் என்று நாம் சொல்லும் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது விலை இறங்கும்போது கூடுதலாக வாங்கலாம், தப்பில்லை. நறுக்கி, உப்புப் போட்டு அரை வேக்காடாக வேகவைத்து, மாடியில் மொறுமொறுவென்று காயவிட்டால் மழைக்காலத்துக் கருவாட்டுக் குழம்புக்கு ஆச்சு. கொத்தவரங்காய், மாங்காய், மோர் மிளகாய் எல்லாம் இப்படித்தான். ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது. அதுவும் வேண்டாமென்றால் சீரகம், பச்சைமிளகாய் சேர்த்து அரைத்து வடாமாகக் கிள்ளி வைக்கலாம். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு, கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு.

ஆனால் மூணு நாள் சாம்பாரைத் திரும்பத் திரும்பச் சுட வைத்துச் சாப்பிடுவதைச் சிக்கனம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அளவாக வைத்தால் போதும்.

இன்னொன்று. இந்தச் சிக்கனம் எல்லாம் யாரோ ஒருத்தர் உழைப்பில்தான் நடக்கிறது, பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ. மளிகை பில்லைப் பார்த்துக் கத்துகிற ஆம்பளைங்க, ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய் வத்தலைத் திருப்பிப் போடலாம். அங்கேயும் செல்போனுக்கு டவர் கிடைக்கும்.