போன்டியாக் 400க்குப் பெரிய ஹெடர் வேண்டாம்

மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்க கார் வாங்கியவர்கள் எஞ்சினில் முதலில் கைவைக்கும் இடம் எக்ஸாஸ்ட். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு குழாய் வீதம் உள்ள ஹெடர் மாட்டுவது அமெரிக்காவில் 1960களிலிருந்தே நடந்துவருகிற விஷயம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. எந்த ஹெடர் என்று முடிவெடுக்கும் விதம்தான் எனக்கு உறுத்துகிறது. "கிடைப்பதிலேயே பெரிய குழாய் எது?" என்று கேட்டு வாங்குகிறார்கள். பந்தயத்துக்கு மட்டுமே போகிற காருக்கு அது சரியாக இருக்கலாம். சாலையில் ஓடும் காருக்கு அந்தக் கேள்வியே தவறு.

எனக்குப் பழக்கமான 1968, 69 போன்டியாக் ஜிடிஓவையே எடுத்துக்கொள்கிறேன். நான் வசிப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில். வுட்வர்டு அவென்யூவைப் பிடித்து வடமேற்கே போய்க்கொண்டே இருந்தால் போன்டியாக் என்ற ஊரே வந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் அந்த பிராண்டை 2010ல் மூடிவிட்டது. ஆனாலும் கோடை மாலைகளில், அதிலும் ஆகஸ்ட் மாதம் வுட்வர்டு டிரீம் குரூஸ் என்ற பழைய கார் அணிவகுப்பு சமயத்தில், இந்தச் சாலையில் ஜிடிஓக்களுக்குப் பஞ்சமே இல்லை.

அந்த காரில் வழக்கமாக வந்தது 400 கன அங்குல வி8, அதாவது பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர், சுமார் 6.5 லிட்டர். கம்பெனி சொன்ன சக்தி 5,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5,000 சுற்றில்) 350 குதிரைத்திறன். எல்லாரும் நினைவில் வைத்திருப்பது இந்த எண்ணைத்தான். நான் பார்க்கச் சொல்வது அடுத்த எண்ணை: 445 பவுண்டு-அடி டார்க் (திருகு விசை), அதுவும் 3,000 ஆர்பிஎம்மிலேயே. பின் ஆக்ஸில் விகிதம் 3.55 என்றால், நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போகும்போது எஞ்சின் சுற்றுவது 3,000க்குச் சற்று மேலே. ஊருக்குள் அதைவிடக் குறைவு. டிரீம் குரூஸ் நெரிசலில் கேட்கவே வேண்டாம், பாதி நேரம் ஐடிலில்தான் நிற்கும். 5,000ஐத் தொடுவது எப்போதாவது ஒருமுறை, சில விநாடிகளுக்கு. அப்படியென்றால் ஹெடரை எந்த ஆர்பிஎம்முக்காக வாங்க வேண்டும்?

ஹெடர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பதில் தானாக வரும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் இன்னும் நல்ல அழுத்தம் மிச்சமிருக்கும். அது குழாய்க்குள் ஓர் அழுத்த அலையாகப் பாய்கிறது. நான்கு குழாய்களும் ஒன்றுசேரும் கலெக்டரில் இடம் சட்டென்று விரிவதால், அந்த அலை தாழ்வழுத்த அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்பி வரும். எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிக்கும் முன்பே இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிடும் அல்லவா, அந்தச் சின்ன நேரத்தில் இந்த அலை வந்து சேர்ந்தால் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுக்கும். கூடவே புதுக் கலவையையும் உள்ளே இழுக்கும். எந்த ஆர்பிஎம்மில் அது சரியாக வந்து சேரும் என்பதை முக்கியமாக முடிவு செய்வது குழாயின் நீளம். நீளக் குழாய் என்றால் குறைந்த ஆர்பிஎம்மில், குட்டைக் குழாய் என்றால் உயர்ந்த ஆர்பிஎம்மில்.

அலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வாயுவின் வேகம். நெடுஞ்சாலையில் பறக்கும் பேருந்துக்குப் பின்னால் சருகும் தூசியும் இழுபட்டுப் போவது போல, குழாயில் விரைந்தோடும் புகை தனக்குப் பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் அந்த இழுப்பும் குறையும். வேகத்தைத் தீர்மானிப்பது குழாயின் விட்டம்.

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். போன்டியாக் 400க்குச் சாதாரணமாகக் கிடைக்கும் ஹெடரின் குழாய் 1¾ அங்குலம். தகட்டின் தடிமனைக் கழித்தால் உள்பரப்பு ஏறக்குறைய 2.14 சதுர அங்குலம். 2 அங்குலக் குழாய்க்கு அதே கணக்கில் 2.84. கால் அங்குலம்தானே கூட என்று தோன்றும். ஆனால் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதே அளவு புகை போனால் வேகம் கால் பங்கு குறைந்துவிடுகிறது. 6,500 ஆர்பிஎம்மில் ஓடும் பந்தய எஞ்சின் வெளியே தள்ளும் புகைக்கு அந்த இடம் தேவைப்படும். 2,500ல் போகிற காருக்கு அந்த இடம் வெறும் நஷ்டம்.

நண்பர் ஒருவரின் 1969 ஜிடிஓவுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் 2 அங்குல ஹெடர்தான் மாட்டிக் கொடுத்தார்கள். கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றாத, கம்ப்ரெஷன் கூட்டாத எஞ்சின் அது. ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் இருந்து கிளம்பும்போது போன்டியாக்குக்கே உரிய அந்த முதல் தள்ளல் மழுங்கிப் போயிருந்தது. சத்தம் மட்டும் பிரமாதம். கேம் மைல்டாக இருந்தால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமே குறைவு. ஹெடர் உறிஞ்சுவதற்கு வாய்ப்பும் குறைவு. இதைச் சொல்லாமல் பந்தய ஹெடரை விற்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். பிறகு அவர் 1¾ அங்குலத்துக்கு மாறினார். கீழ் ஆர்பிஎம் இழுவை திரும்பி வந்தது.

சரி, அப்படியானால் நாலு குழாய் நேராக ஒன்றில் சேருவதா, இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவதா? இரண்டாவதற்கு ட்ரை-ஒய் என்று பெயர். இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போன்டியாக், ஷெவ்ரோலே இரண்டிலும் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. ஒரு பக்கத்தில் 1, 3, 5, 7. மறுபக்கத்தில் 2, 4, 6, 8. இப்போது வரிசையைப் பாருங்கள்: 5க்கு அடுத்து உடனே 7, இரண்டும் ஒரே பக்கம். அதேபோல் 8க்கு அடுத்து 4. கிராங்க் 90 டிகிரி திரும்புவதற்குள் ஒரே மேனிஃபோல்டில் இரண்டு வெடிப்புகளின் புகை வந்து மோதுகிறது. பிறகு 270 டிகிரி வரை இடைவெளி விழுகிறது. அமெரிக்க வி8க்கே உரிய அந்தக் குமுறல் ஓசை பிறப்பதும் இந்தச் சீரற்ற தாளத்தில்தான்.

கம்பெனியின் சாதாரண மேனிஃபோல்டில் நாலு சிலிண்டரின் புகையும் ஒரே குறுகிய அறைக்குள் கொட்டுவதால் 7ன் அழுத்தம் 5ன் வழியை மறிக்கும். நீளக் குழாய் ஹெடர் இருவரையும் வெகுதூரம் பிரித்தே வைக்கிறது. ட்ரை-ஒய் அதற்கும் மேலே போய், 1ஐ 5உடனும் 3ஐ 7உடனும் ஜோடி சேர்க்கிறது. அடுத்தடுத்து வெடிப்பவை முதல் இணைப்பில் சந்திப்பதே இல்லை. டார்க் அகலமான ஆர்பிஎம் வரம்பில் பரவிக் கிடைக்கும். 1965 ஷெல்பி ஜிடி350, 289 கன அங்குல ஃபோர்டு எஞ்சினில் ட்ரை-ஒய் ஹெடரோடுதான் வந்தது. சாலையிலும் வளைவு நிறைந்த டிராக்கிலும் ஓட வேண்டிய காருக்கு அது சரியான தேர்வு. உங்கள் காருக்கு நல்ல ட்ரை-ஒய் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். குட்டைக் குழாய் ஹெடரை இந்த எஞ்சினுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; செலவுக்கேற்ற பலன் இல்லை.

அப்புறம், பலர் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன்டியாக்குக்கு ஹெடரே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். ராம் ஏர் என்ற பெயரில் வந்த கூடுதல் சக்தி எஞ்சின்களுக்காக போன்டியாக் தனியாக வார்த்த மேனிஃபோல்டுகளில் வழிகள் நீளமாகவும் ஓரளவு பிரிந்தும் இருக்கும். அவற்றை அப்படியே மறுபடி வார்த்து இன்றும் விற்கிறார்கள். 2½ அங்குல இரட்டைக் குழாயும் நல்ல சைலன்சரும் சேர்த்தால், மைல்டான 400க்கு அது ஹெடருக்கு வெகு அருகில் வந்துவிடும். கசியாது, டிக் டிக் என்று சத்தம் போடாது, ஸ்டார்ட்டரைச் சுட்டெரிக்காது, காரின் அசல் தோற்றமும் கெடாது. வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிற காருக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

ஹெடர்தான் என்று முடிவாகிவிட்டால் முதலில் சிலிண்டர் ஹெட்டைப் பாருங்கள். சாதாரண 400, ராம் ஏர் 3 இரண்டிலும் எக்ஸாஸ்ட் துளை டி எழுத்து வடிவம். ராம் ஏர் 4ல் வட்டம். ஒன்றின் ஃபிளாஞ்சு (ஹெட்டோடு போல்ட் போடும் தகடு) மற்றொன்றுக்குப் பொருந்தாது. 55 வருடத்தில் எத்தனை கை மாறியதோ, எந்த ஹெட் ஏறியதோ, எனவே காரின் பேட்ஜை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. 326 முதல் 455 வரை போன்டியாக் பிளாக்கின் வெளி அளவு ஒன்றே. நாளைக்கு 400ஐ எடுத்துவிட்டு 455 போட்டாலும் டி துளை ஹெட்டாக இருக்கும்வரை அதே ஹெடர் உட்காரும்.

அடுத்தது இடம். மேனுவல் கியர் என்றால் டிரைவர் பக்கம் கிளட்ச் லிங்கேஜ் குறுக்கே வரும். பவர் ஸ்டியரிங் இருந்தால் இன்னும் நெருக்கம். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி அதன் இணைப்புத் தண்டு ஹெடர் குழாயில் உரசுகிறதா என்று பார்க்காமல் காரை வெளியே எடுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக் ஒயரின் ரப்பர் உறை ஹெடர் குழாயில் பட்டால் உருகிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வெப்பத் தடுப்பு கட்டாயம். சூடான போன்டியாக் நின்ற இடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கு இந்த வெப்பம் பெரிய காரணம். கலெக்டர் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதையும் பாருங்கள். வீட்டு டிரைவ்வே சரிவில் தட்டித் தட்டியே நசுங்கிப்போன கலெக்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஃபிளாஞ்சு ⅜ அங்குலத் தடிமனுக்குக் குறையக் கூடாது. மெல்லியது வளையும், வளைந்தால் எந்த கேஸ்கெட்டும் தாங்காது. இன்ஜினைச் சூடாக்கி ஆறவிட்டு போல்ட்டை மறுபடி முறுக்குவதைச் சில தடவையாவது செய்ய வேண்டும். பெயின்ட் அடித்த சாதாரண ஸ்டீல், மிச்சிகன் ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். செராமிக் கோட்டிங் போட்டு வாங்குங்கள், பின்னால் வருந்த மாட்டீர்கள். ஹெடரின் மேல் வெப்பம் தடுக்கும் துணி நாடா சுற்றுவது வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளேயே அரிக்கும். புதிதாகக் கட்டிய எஞ்சின் என்றால் கேம்ஷாஃப்ட் பிரேக்-இன் (புதுப் பாகம் பழகுவதற்கான முதல் ஓட்டம்) முடியும்வரை பழைய மேனிஃபோல்டிலேயே ஓட்டிவிட்டு, பிறகு புது ஹெடரை மாட்டுவது நல்லது. அந்த நேரத்து அதீத வெப்பம் புதுக் கோட்டிங்கைக் கெடுத்துவிடும்.

கடைசியாக கார்புரேட்டர். ஹெடர் மாட்டியபின் எஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுக்கும், கலவை மெலியும். 10 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஏற்கெனவே அதை மெலிதாக்கித்தான் வைத்திருக்கிறது. இந்த காரின் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டையும் மீட்டரிங் ராடையும் மாற்றாமல் விட்டால், ஹெடருக்குக் கொடுத்த காசில் பாதி வீண். புகையில் ஆக்சிஜன் சென்சார் வைத்துக் கலவையைப் பார்த்தால் இந்த வேலை ஒரு மாலையில் முடியும். அதற்கான திருகு வாயைக் கலெக்டரில் வெல்டிங் செய்து வாங்கிவிடுங்கள், கோட்டிங்குக்கு அனுப்பும் முன்பே.