எலியின் பெயரில் ஓர் இசைத்தட்டு நிறுவனம்

பிரிட்டிஷ் வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் 1969இல் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியபோது, தான் வளர்த்த ஹாம்ஸ்டர் எலியின் பெயரை அதற்கு வைத்தார்: டேண்டிலியன். எலியின் பெயரில் கடை திறக்கிறவருக்குக் கல்லாப்பெட்டி மேல் கண் இருக்காது என்பது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். 1972இல் இழுத்து மூடினார்கள். பீலைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த மனிதரைப் புரிந்துகொள்ள இந்தத் தோல்விதான் சரியான வாசல் என்று தோன்றுகிறது.

அவருடைய வானொலிக் கதை பலருக்கும் தெரியும். பீட்டில்ஸ் காய்ச்சல் அமெரிக்காவைப் பிடித்தபோது, அந்தக் குழுவின் ஊரான லிவர்பூல் பக்கத்து உச்சரிப்பு வாயில் இருந்த ஒரே தகுதியால் டல்லாஸ் வானொலியில் பீட்டில்ஸ் நிபுணர் ஆனார். பிறகு இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் கப்பலில் இருந்து உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிய ரேடியோ லண்டன். 1967 ஆகஸ்டில் சட்டம் போட்டு அந்தக் கடல் வானொலிகளின் வாயை அடைத்ததும், அதே ஆண்டு பிறந்த பிபிசி ரேடியோ 1. அங்கே 2004இல் இறக்கும்வரை இருந்தார்.

டேண்டிலியனைத் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், பிரிட்ஜெட் செயின்ட் ஜான் என்ற இளம் பாடகியின் பாட்டுகள் தட்டாக வர வேண்டும் என்ற ஆசை. முதல் ஆல்பத்தைத் தானே தயாரித்தார். அந்த நிறுவனத்தில் ஓரளவு ஓடியது மெடிசின் ஹெட் குழுவின் ஒரு பாட்டு; 1971இல் பிரிட்டிஷ் பட்டியலில் 22ஆம் இடம்வரை ஏறியது. மற்றவை போன இடம் தெரியவில்லை.

ஏன் தோற்றார்? வானொலியில் யாருக்கும் பிடிக்காத பாட்டைப் போட்டால் மூன்று நிமிடம்தான் நட்டம். அடுத்த தட்டை எடுத்து வைத்துவிடலாம். இசைத்தட்டு நிறுவனத்தில் அதே பாட்டு கிடங்கில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக உட்கார்ந்திருக்கும். அதை விற்க ஒரே ஆளை, ஒரே ஆல்பத்தை மாதக்கணக்கில் தூக்கிச் சுமக்க வேண்டும். பீலுக்கோ இன்னும் கேட்காத பாட்டின் மேல்தான் காதல். அந்தக் குணம் அறிவிப்பாளருக்கு வரம். முதலாளியைத் தெருவில் நிறுத்திவிடும்.

ஒலிவாங்கியும் இசைத்தட்டும் ஒரே ஆள் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் வேறு மாதிரி உதாரணம் உண்டு. ஆலன் ஃப்ரீட் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளர், ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் 1955இல் வந்த ‘மேபெலின்’ பாட்டை விடாமல் ஒலிபரப்பினார். அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவராக அவர் பெயரும் இருந்தது, ராயல்டியில் பங்கு! பாட்டுப் போடக் காசு வாங்கும் பழக்கம் 1959இல் சந்தி சிரித்தபோது அவர் வேலையும் போயிற்று. பீலுக்கும் மனம் வைத்திருந்தால் வழி இருந்தது. வைக்கவில்லை என்பதற்கு டேண்டிலியனின் கணக்கைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அவர் சேர்த்த சொத்து வேறு கணக்கில் இருக்கிறது. வணிக இசைத்தட்டுகளை நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம்தான் ஒலிபரப்பலாம் என்று பிபிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. மீதி நேரத்தை நிரப்பக் குழுக்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் ஒரே நாள், நான்கு பாட்டு. முதலாளி இல்லாத, தட்டே போடாத பிள்ளைகள்கூட அங்கே வந்து வாசித்தார்கள். பீல் செஷன்ஸ் என்ற பெயரில் அப்படி 4,000க்கும் மேற்பட்ட பதிவுகள்! எந்த நிறுவன முதலாளிக்கு இப்படி ஒரு பட்டியல் உண்டு?

1978இல் அண்டர்டோன்ஸ் குழுவின் ‘டீனேஜ் கிக்ஸ்’ பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். வெளியிட்டது பெல்ஃபாஸ்டில் இருந்த குட் வைப்ரேஷன்ஸ் என்ற குட்டி நிறுவனம். பீலுக்கு அதில் ஒரு காசு வரவில்லை. அவர் கல்லறையில் பொறித்திருப்பது அந்தப் பாட்டின் வரிதான். (தட்டைத் தப்பான வேகத்தில் ஓடவிட்டு மன்னிப்புக் கேட்பதிலும் அவர் பேர்போனவர். அந்தத் தடுமாற்றத்துக்காகவே பழைய பதிவுகளைத் தேடிக் கேட்கிறேன்.)

பிரிட்ஜெட் செயின்ட் ஜானின் அந்த முதல் ஆல்பத்தை நேற்றிரவு மறுபடி கேட்டேன். தணிந்த குரல், கிடார், பெரும்பாலும் அவ்வளவுதான். இது விற்கும் என்று எப்படி நினைத்தார் மனிதர்? நினைத்திருக்கவே மாட்டார்.