பிங்க் ரிப்பனோட நிறுத்திடாதீங்க

அக்டோபர் வந்தா மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுன்னு எங்க பார்த்தாலும் பிங்க் கலர்தான். அதை நான் குறை சொல்லல, அதைப் பார்த்துட்டு யாரோ ஒரு பொண்ணு தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட போனாலே பெரிய விஷயம். ஆனா 2022ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 6,70,000 பேர் இந்த நோயால இறந்திருக்காங்க, அதனால நாம குடுக்கிற காசு ஆராய்ச்சிக்கும் நோயாளிக்கும் போய்ச் சேரணும்ங்கிறதுல நான் ரொம்ப பிடிவாதமா இருக்கேன்.

ஆராய்ச்சின்னா லேப்ல டாக்டருங்க மட்டும் பண்றதுன்னு நினைக்கிறோம், ஆனா அதுல சேர சம்மதிக்கிற நோயாளிகளுக்கும் பங்கு இருக்கு. முன்னாடியெல்லாம் மார்பு முழுசையும், அடியில இருக்கிற தசையோட, அக்குள் நிணநீர் முடிச்சுகளோட சேர்த்து எடுத்துடுவாங்க, அதுதான் வழின்னு பல வருஷம் நம்பினாங்க. பெர்னார்ட் ஃபிஷர்ங்கிற சர்ஜன் அமெரிக்காவுல அதைக் கேள்வி கேட்டாரு. அவர் 1976ல ஆரம்பிச்ச ஆய்வுல 1,800க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தாங்க, 20 வருஷம் அவங்களைத் தொடர்ந்து பார்த்து 2002ல சொன்னது என்னன்னா, ஆரம்ப நிலையில கட்டியை மட்டும் எடுத்தாலும் உயிர் பிழைக்கிறதுல வித்தியாசம் இல்ல, கூட ரேடியேஷன் குடுத்தா அதே மார்புல திரும்ப வர்றதும் குறையுது. இன்னைக்கு எத்தனையோ பேர் மார்பை இழக்காம இருக்காங்கன்னா அந்தப் பெண்கள் சம்மதிச்சதாலதான், அவங்க பேருகூட நமக்குத் தெரியாது.

ஹெர்2ங்கிற புரதம் அதிகமா இருக்கிற மார்பகப் புற்றுநோய் வகைக்கு 1998ல ட்ராஸ்டுசுமாப்ங்கிற மருந்து வந்துச்சு, ரொம்ப வேகமா பரவுற அந்த வகையோட நிலைமையே மாறிடுச்சு. ஆனா எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிட்டா, மருந்து கொஞ்ச நாள் கேட்கும், அப்புறம் பெரும்பாலும் கேட்காது. அது ஏன்னு தேடுற ஆராய்ச்சிக்குத்தான் இப்ப காசு வேணும்னு நினைக்கிறேன். குணமானவங்க கதையை மட்டுமே கொண்டாடும்போது அந்த ஸ்டேஜ்ல இருக்கிறவங்க எப்படி தனியாகிப் போறாங்கன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

அடுத்தது கவனிப்பு. நோயாளிகள்ல 80 சதவீதத்துக்கும் மேல சிகிச்சையை முழுசா முடிக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் இலக்கு வச்சிருக்கு. ரேடியேஷனுக்கு வாரக்கணக்கா தினமும் போகணும், கூட யார் வருவா, குழந்தையை யார் பாத்துப்பா, வேலை என்ன ஆகும்? பாதியில விட்டவங்களைத் திட்டாதீங்க ப்ளீஸ். சில வகைக்குக் குடுக்கிற, ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரை அஞ்சு வருஷத்துக்குக் குறையாது, மூட்டுவலி தாங்காம நிறுத்துறவங்க இருக்காங்க, நிணநீர் முடிச்சு எடுத்த பக்கம் கை வீங்குறவங்களுக்கு பிசியோதெரபி வேணும். இதுக்கெல்லாம் யாரும் ரிப்பன் குத்துறதில்ல.

அடுத்த தடவை யாராவது நிதி கேட்டா, எவ்வளவு ஆராய்ச்சிக்கு, எவ்வளவு நோயாளிக்குன்னு கணக்கு கேட்டுட்டு குடுங்க. காசு இல்லையா, தெரிஞ்சவங்க யாருக்காவது கீமோ நடந்தா ஒருநாள் கூடப் போய் உட்காருங்க.